எந்த விவசாயியின் மகன்?

அன்புள்ள அண்ணன்,

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். திண்டிவனத்துப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து சென்னை மாகாணத்தையே ஆண்டவர், பதவி போனதும் வடலூரில் போய் இருந்துவிட்டார் என்பது மனதில் நின்றது. இலங்கையில் நம்மிடம் ஏன் அப்படி ஒருவர் வரவில்லை? எங்கள் தம்பி இம்முறை பிரதேச சபைக்கு எலெக்சன் கேட்கிறான். நவகிரிக் குளத்துத் தண்ணீரில் மூன்று ஏக்கர் குத்தகை வயல் செய்கிறோம். நோட்டீசில் ‘விவசாயியின் மகன்’ என்று போடலாமா?

ஒரு வாசகி, வெல்லாவெளி, மட்டக்களப்பு

அன்புள்ள தங்கச்சி,

1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை, இரண்டு வருடம்தான் அவர் ஆட்சி. (அந்தப் பதவிக்கு அப்போது பிரதமர் என்றுதான் பெயர்.) அதற்குள் கோயில் நுழைவு, தேவதாசி ஒழிப்பு, 1948 இல் ஜமீன் ஒழிப்பு என்று சட்டங்கள். சிபாரிசோடு வந்த சொந்தக் கட்சிக்காரர்களுக்கே அவர் மசியவில்லை. சரி, இதெல்லாம் போன முறையே எழுதினேன்.

எழுதாமல் விட்டது ஒன்று. ஜமீன்தாரிடமிருந்து போன நிலம் பட்டா உள்ள ரயத்துக்கு, அதாவது குடியானவனுக்கு, வந்தது. அந்த ரயத்திடம் வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுதவனுக்கும், கூலிக்கு இறங்கியவனுக்கும் அந்தச் சட்டத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. பட்டாக்காரனையும் இவர்களையும் ‘விவசாயி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறோம்.

என் அப்பா முல்லைக்காரன், அதாவது போடியார் என்கிற பெரிய காணிக்காரரின் வயலில் நெல்லைக் கூலியாக வாங்கி உழைக்கிறவர். சூடு மிதித்து (கதிரிலிருந்து நெல்லைப் பிரித்து) முடிந்த இரவுகளில் களவெட்டிக்கு, நெற்களத்துக்கு, நானும் போவேன். போடியார் வாடிக்குள் லாம்பு வெளிச்சத்தில் கொப்பியோடு இருப்பார். விதைநெல், பசளை, இடையில் வாங்கித் தின்ற அரிசி, அம்மாவின் பிள்ளைப்பேற்றுக்கு வாங்கிய கைமாற்று என்று ஒவ்வொன்றாக வாசிக்க, பொலிக் குவியலிலிருந்து மரைக்கால் மரைக்காலாக நெல் அந்தப் பக்கம் போகும். கடைசியில் அப்பா சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு எழும்புவார். பிறகு ஒரு எலெக்சனில் அந்தப் போடியாரின் உறவினர் ஒருவர் நின்றார். நோட்டீசில் ‘உழவர் வீட்டுப் பிள்ளை’. கோதுமை மாப் பசை காய்ச்சி அதை ஊரெல்லாம் ஒட்டியதும் அப்பாதான்! பொய் என்றும் சொல்லமுடியாது, அவர்களுக்கும் வயல்தானே.

ஆகவே நம்மிடமும் வந்தார்கள், தங்கச்சி. எந்தப் பக்கத்து விவசாயி என்று நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பிறப்பை வைத்து ஆளை எடை போடவும் எனக்குத் தயக்கம். இங்கே விவசாய அமைச்சராக இருந்த பிலிப் குணவர்தன அவிசாவளைப் பக்கம் பொரலுகொடையில் பெரிய காணிக்கார வீட்டுப் பிள்ளை. 1958 இல் நெற்காணிச் சட்டம் கொண்டுவந்து, குத்தகைக்குச் செய்கிறவனை நினைத்தபடி வயலை விட்டு எழுப்ப முடியாது, குத்தகைக்கும் ஒரு எல்லை உண்டு என்றவர் அவர்தான். அடுத்த வருடமே அவர் அமைச்சரவையில் இல்லை. அந்தச் சட்டத்தால் எல்லா முல்லைக்காரரும் தப்பினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வயலில் இறங்குகிறவனைக் குறிவைத்து எழுதப்பட்ட சட்டம் அது.

தம்பி தாராளமாகப் போடட்டும். கீழே இன்னொரு வரியும் போடச் சொல்லுங்கள்: மூன்று ஏக்கர் குத்தகை, போகத்துக்கு இத்தனை மூட்டை கொடுக்கிறோம் என்று. காணிக்காரர் முகம் சுளிப்பார், அது வேறு கதை. நோட்டீஸ் அடித்தால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.