நரம்பு எடுத்த பல் மறுபடி வலித்தால்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஹட்டன் பக்கம் பல் வைத்தியம் பார்க்கிறேன். ரூட் கெனல், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை, செய்து வருடக்கணக்கான பிறகு வலிக்கிறது என்று எழுதியவர்களுக்கான பதில்கள் இவை.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: ஏழு வருடத்துக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல்லில் செய்தது. நரம்பையே எடுத்துவிட்டார்களே டாக்டர், பிறகு எப்படி வலிக்கும்?

எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பை மட்டும்தான் தம்பி. வேரைச் சுற்றிப் பல்லை எலும்போடு பிடித்திருக்கிற நார்களில் நரம்பு அப்படியே இருக்கிறது. அதனால்தான் சூடான தேத்தண்ணிக்குக் கூசாத பல், ரொட்டியை மெல்லும்போது சுள்ளென்று வலிக்கிறது. மேலே அடைத்த இடம் கசிந்தாலோ ஓரத்தில் புதுச் சொத்தை வந்தாலோ கிருமி உள்ளே இறங்கி வேர் நுனியில் சேர்ந்துவிடும். பல்லை மூடும் உறையான கிரவுன் போட்டீர்களா? வலி நின்றதும் தற்காலிக அடைப்போடு விட்டுவிடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். இன்னொரு நாள் வந்தால் அன்றைய சம்பளம் போகும், எனக்குத் தெரியும், ஆனாலும் கிரவுனை விட்டுவிடாதீர்கள்.

பண்டாரவளை அக்கா: மேல் கடைவாய்ப் பல்லில் வேருக்குள் நரம்பு ஓடும் குழாய் ஒன்றைச் சுத்தம் செய்யாமல் விட்டுப்போயிருக்கிறது என்கிறார்கள். முன்பு செய்த டாக்டரின் கவனக்குறைவா?

அப்படிச் சொல்லிவிட முடியாது அக்கா. மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் மூன்று, குழாய் பெரும்பாலும் நான்கு. அந்த நான்காவது தலைமுடி போல மெல்லியது, கன்னப் பக்கத்து முன் வேருக்குள் ஒளிந்திருக்கும், சாதாரண எக்ஸ்ரேயில் மற்றதன் மேல் படிந்து தெரியாமலே போகும். பழைய அடைப்பை எடுத்துவிட்டு அதையும் தேடிச் சுத்தம் செய்தால் பல பற்கள் பிழைக்கும். அப்புறம், தடிமனோடு குனியும்போது மேல் பற்கள் நாலைந்து சேர்ந்து வலித்தால் அது பீனிசமாகவும் (சைனஸ்) இருக்கலாம்.

வட்டவளை: கராம்பெண்ணெய் வைத்தேன், பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிப் போட்டேன். குறைந்து குறைந்து திரும்ப வருகிறது.

கராம்பெண்ணெய் உள்ளே உயிருள்ள நரம்பைத்தான் மரக்க வைக்கும், உங்கள் பல்லில் அது இல்லை, ஈறுதான் வேகும். இரத்த ஓட்டம் இல்லாத வேர்க்குழாய்க்குள் மாத்திரையும் போய்ச் சேராது. ஆனால் முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானால் விடியும்வரை பார்க்க வேண்டாம், அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மாவுக்காகக் கேட்கும் மகள், நானுஓயா: வலியே இல்லை. ஈறில் சின்னக் கொப்புளம், அமுக்கினால் சீழ் வருகிறது.

சீழுக்கு வழி கிடைத்ததால்தான் வலி இல்லை, இதை நான் சும்மா விடமாட்டேன். அந்த ஓட்டைக்குள் மெல்லிய ரப்பர் குச்சி ஒன்றை மெதுவாக நுழைத்து எக்ஸ்ரே எடுப்போம். குச்சி படத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும், அது எந்த வேரில் போய் முட்டுகிறதோ அதுதான் ஆள். அம்மா கொட்டைப்பாக்கு கடிப்பாரா என்றும் பாருங்கள். நரம்பெடுத்த பல் அதில் வேர்வரை விரிசல் விடும், நெடுக்காக வேர் பிளந்துவிட்டால் பெரும்பாலும் கழற்றத்தான் வேண்டும்.

ஹாலிஎல: பேசாமல் கழற்றிவிடலாமா?

வேர் பிளக்காமல் இருந்தால் அவசரப்படாதீர்கள். மறுபடி ரூட் கெனல் செய்யலாம், அதுவும் சரிவராவிட்டால் ஈறைத் திறந்து வேர் நுனியை வெட்டியெடுக்கும் சிறிய சத்திரசிகிச்சை இருக்கிறது. பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையில் கேட்டுப் பாருங்கள், போகும்போது பழைய எக்ஸ்ரேயையும் கொண்டுபோங்கள்.