மரபணுக் கத்தரிக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. பீட்டா தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்தசோகை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். பத்து வயது மகனின் எச்.எல்.ஏ. என்ற திசு அடையாளம் முழுவதும் பொருந்துவதால், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குத் தயாராகும்படி மருத்துவர் சொல்கிறார். என் மைத்துனரோ, "கிரிஸ்பர் என்று மரபணுவையே வெட்டிச் சரிசெய்கிறார்கள். பிள்ளைக்குக் கீமோ கொடுத்து வதைக்காமல் நான்கைந்து வருடம் பொறுங்கள்" என்கிறார். மகன் தலசீமியா கேரியர் (நோயில்லாமல் பழுதான மரபணுவைச் சுமப்பவன்) என்பதும் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு தந்தை, தருமபுரி மாவட்டம்

பதில்: பொறுக்க வேண்டாம். உடன்பிறந்தவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் எச்.எல்.ஏ. முழுவதும் பொருந்தும். அந்த வாய்ப்பு உங்கள் வீட்டுக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

மைத்துனர் சொல்வது கட்டுக்கதை அல்ல. காஸ்ஜெவி என்ற அந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி கொடுத்தது. தலசீமியாவுக்கு அமெரிக்காவின் அனுமதி 2024 ஜனவரியில் வந்தது. ஆய்வில் 35 பேரில் 32 பேர் தொடர்ந்து ஓராண்டுக்கு மேல் ரத்தம் ஏற்றாமல் இருந்தார்கள். அபாரமான முடிவுதான். ஆனால் பலரும் நினைப்பதுபோல அது பழுதான மரபணுவைச் சரிசெய்வதில்லை.

உங்கள் மகள் பிறந்தபோது மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருந்திருப்பாள்; சில மாதங்கள் கழித்தே வெளுக்கத் தொடங்கியிருப்பாள். கருவில் இருக்கும்போது நம் எல்லோருக்கும் வேறொரு ஹீமோகுளோபின் ஓடுகிறது. இந்த நோயில் பழுதாகியிருக்கும் பீட்டா மரபணு அதற்குத் தேவையில்லை. பிறந்த சில மாதங்களில் உடல் அதை நிறுத்திவிட்டுப் பெரியவர்களுக்கான ஹீமோகுளோபினுக்கு மாறும்போதுதான் பழுது வெளியே தெரிகிறது. அப்படி நிறுத்திவைக்கும் காவலாளி பி.சி.எல்.11.ஏ என்ற புரதம் என்று 2008இல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கினின் ஆய்வுக் குழு காட்டியது. அதில் முக்கியமானவர் விஜய் சங்கரன். கிரிஸ்பர் வெட்டுவது இந்தக் காவலாளியின் மரபணுவில், சிவப்பணு உருவாகும் வழியில் மட்டும் அதை இயக்கும் ஒரு சிறு துண்டை. காவல் தளர்ந்ததும் கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி ஊறுகிறது. பீட்டா மரபணுவில் உள்ள பழுது அப்படியே இருக்கும்; அதனால் தொல்லை இருக்காது, அவ்வளவுதான். என் துறையில் இவ்வளவு அழகான உத்தியை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த வெட்டு ஆய்வகத்தில், உடலிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டெம் செல்களில், அதாவது ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களில், நடக்கிறது. அவற்றைத் திரும்பச் செலுத்தும்போது உட்கார இடம் வேண்டுமே! அதற்காகப் பழைய மஜ்ஜையை புசல்பான் என்ற மருந்தால் காலிசெய்கிறார்கள். உங்கள் மைத்துனர் தவிர்க்கச் சொல்லும் கீமோ அதுதான். முடி கொட்டுவது, வாய்ப்புண், வாரக்கணக்கில் தனியறை, பிற்காலத்தில் கருத்தரிப்பு பாதிக்கப்படும் ஆபத்து எல்லாம் கிரிஸ்பரிலும் உண்டு.

கிரிஸ்பரில் தவிர்க்கப்படும் தொல்லை ஒன்று: சொந்த செல்கள் என்பதால், தானம் வந்த செல்கள் உடலைத் தாக்கும் சிக்கல் வராது. பொருத்தமான கொடையாளி இல்லாதவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் அனுமதி வந்தபோது குறைந்தபட்ச வயது 12. அமெரிக்காவில் மருந்தின் அறிவிக்கப்பட்ட விலை மட்டும் 22 லட்சம் டாலர். இந்தியாவிலும் வேலை நடக்கிறது. டெல்லியின் ஐ.ஜி.ஐ.பி. ஆய்வு நிறுவனம் உருவாக்கி 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட பிர்சா 101, சிக்கிள் செல் என்ற வேறொரு ரத்த நோய்க்கானது.

காத்திருப்பதற்கு உடல் கொடுக்கும் விலையைப் பாருங்கள். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. உடல் ஒரு நாளில் வெளியேற்றக்கூடியது ஒன்றிரண்டு மில்லிகிராம். இரும்பை வெளியேற்றும் மாத்திரையைத் தவறாமல் கொடுத்தாலும் மிச்சம் கல்லீரலிலும் இதயத்திலும் படியும். மஜ்ஜை மாற்றத்துக்கு முன் குழந்தைகளின் ஆபத்தை எடைபோட, இத்தாலியின் பெசாரோ நகரில் லுக்கரெல்லி குழு வகுத்த மூன்று அளவுகோல்களும் இதைச் சுற்றியவைதான்: கல்லீரல் வீங்கியிருக்கிறதா, அதில் தழும்பு விழுந்திருக்கிறதா, இரும்பை வெளியேற்றும் மருந்து ஒழுங்காகக் கொடுக்கப்பட்டதா. மூன்றிலும் தேறும் சிறு குழந்தைகளில், பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால், ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் குணமாகிறார்கள். உயிராபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வயதும் இரும்பும் ஏற ஏற அது கூடும். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் தலசீமியாவுக்கு இந்தச் சிகிச்சை நடக்கிறது. கைகள் பழகிய வேலை இது.

மகன் கேரியராக இருப்பது தடையே இல்லை. அவனுடைய மஜ்ஜை அவனை நன்றாக ஓடியாட வைத்திருக்கிறது அல்லவா? தங்கையையும் அப்படியே வைத்திருக்கும். குணமான பின் அவள் ரத்தத்தில் கேரியர் என்றே வரும், பதற வேண்டாம்.

செலவுக்கு, கோல் இந்தியா நிதியில் நடக்கும் 'தலசீமியா பால் சேவா யோஜனா'வில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. வருமான வரம்பு இருக்கிறது. பட்டியலில் உள்ள மருத்துவமனை வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். சமூகப் பணியாளரைக் கேளுங்கள். கீமோ தொடங்கும் முன் சினைப்பைத் திசுவை, அதாவது கருமுட்டை உருவாகும் சினைப்பையின் ஒரு சிறு பகுதியை, உறையவைத்துப் பாதுகாக்க வழியுண்டா என்றும் கேளுங்கள். ஆறு வயதில் இது பெற்றோருக்குத் தோன்றாத கேள்வி. பின்னால் கேட்டுப் பயனில்லை.

இன்னொன்று. மஜ்ஜை மாற்றம் முடியும்வரை நெருங்கிய ரத்த உறவினர் யாருடைய ரத்தத்தையும் மகளுக்கு ஏற்றாதீர்கள். அவர்களுடைய செல்களுக்கு எதிராக அவள் உடல் முன்கூட்டியே பழகிவிட்டால், அண்ணனின் மஜ்ஜையை அது ஏற்க மறுக்கலாம். தாய்மாமன் ஏதாவது செய்தே தீருவேன் என்றால், ரத்த வங்கிக்குப் போய் வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு வரட்டும்.