ரோபோவுக்குக் கோபம் வராதே, அப்போ மனிதன் சொல்லாமலேயே தானாக முடிவெடுத்துச் சுடும் ரோபோ ஆயுதம் சிப்பாயைவிட ஒழுங்காகப் போர் செய்யாதா?

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோபோ ஆராய்ச்சியாளர் ரொனால்ட் ஆர்க்கின் பல வருடமாகச் சொல்லிவருவதும் கிட்டத்தட்ட இதேதான்: இயந்திரத்துக்கு உயிர்பயம் கிடையாது, கூட இருந்தவன் செத்துவிட்டான் என்ற ஆத்திரமும் கிடையாது. லேசில் தள்ளிவிட முடியாத வாதம். 2005 நவம்பரில் இராக்கின் ஹதீதாவில் சாலையோரக் குண்டுவெடிப்பில் ஒரு அமெரிக்க மரீன் வீரர் இறந்ததும், அவருடைய சகாக்கள் சாலையிலும், வீடுகளுக்குள் புகுந்தும் பெண்கள், குழந்தைகள் உட்பட 24 பேரைக் கொன்றார்கள்.

சரி, இயந்திரம் மட்டும் என்ன கிழித்தது? 2003 மார்ச்சில், வேலை முடித்துக் குவைத் தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ போர் விமானத்தை அமெரிக்காவின் பேட்ரியாட் என்ற வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பு எதிரி ஏவுகணை என்று வகைப்படுத்திவிட்டது. அதன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வீரர்களுக்கு யோசிக்கக் கிடைத்ததோ கொஞ்ச நேரம்தான். திரை சொன்னதை நம்பிச் சுட்டார்கள், விமானத்தில் இருந்த இருவரும் இறந்துபோனார்கள். இதில் கோபமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. வானத்தில் பறக்கும் சொந்தப் படையையே இனம் காண முடியாத ஒன்று, கையைத் தூக்கிச் சரணடைபவனையும் துப்பாக்கியைத் தூக்குபவனையும் தெருவில் பிரித்துப் பார்க்கும் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை.

அப்புறம், தப்பு நடந்தால் யாரைக் கூண்டில் ஏற்றுவது? (ஹதீதா வழக்கில் மனிதர்களே சிறைக்குப் போகவில்லை, அது வேறு கதை.) 2023 டிசம்பரில் இப்படித் தானாக முடிவெடுத்துச் சுடும் ஆயுதங்களைப் பற்றி ஐ.நா. பொதுச்சபைக்கு வந்த தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நாலே நாலு: ரஷ்யா, பெலாரஸ், மாலி, நம்ம இந்தியா.