மாமியாருக்கு மாம்பலம், மருமகளுக்கு மேடவாக்கம்

"மெட்ராஸ்ல எந்த ஏரியால வீடு பாக்கலாம், கேளுங்க"ன்னு போன இதழ்ல ஒரு வரிதான் போட்டோம், வந்து குவிஞ்ச கடுதாசியப் பாத்தா ஊர்ல பாதிப் பேரு வீடு மாத்திக்கிட்டு இருக்காங்க போல. எல்லாத்துக்கும் எழுத பக்கம் பத்தாது. இந்த ஊர்ல ஏழு வீடு மாறுனவன்ங்கற தகுதி ஒண்ணுதான் எனக்கு, அத வெச்சு சொல்றேன்.

கேள்வி: வீட்டுக்காரருக்கு சோழிங்கநல்லூர்ல ஆபீஸ். ரெண்டு பிள்ளைங்க, மாமியாரும் கூட வர்றாங்க. வேளச்சேரி, மேடவாக்கம், மேற்கு மாம்பலம், இந்த மூணுல எது நல்லா இருக்கும்? மாமியாருக்கு மாம்பலந்தான் வேணுமாம். — தென்காசி வாசகி

ஆபீஸ், பிள்ளைங்க, மாமியார் எல்லாம் எழுதிருக்கீங்க, தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை இல்லையேம்மா. குத்தாலத்துப் பக்கத்துல இருந்து வர்றவங்களுக்கு அது தோணாதுதான். இங்க பாதித் தெருவுல தண்ணி வராது, மீதித் தெருவுல தண்ணி வீட்டுக்குள்ளயே வந்துடும், சில தெருவுல ரெண்டும் உண்டு, சித்திரை வைகாசில லாரிக்குக் காத்துக்கிட்டு நின்ன அதே ஆளுங்க ஐப்பசி கார்த்திகைல முழங்கால் தண்ணில நின்னுக்கிட்டு ஃபிரிட்ஜைக் கட்டில் மேல ஏத்திக்கிட்டு இருப்பாங்க.

வேளச்சேரில நான் நாலு வருஷம் இருந்தேன், கிரவுண்ட் ஃப்ளோர். ஹவுஸ் ஓனர் சாவிய குடுக்கறப்பவே "நம்ம தெருவுல தண்ணி நிக்காது சார்"னாரு. பொய் சொல்லல மனுஷன். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி வந்த தண்ணி தெருவுல நிக்கவே இல்ல, நேரா ஹாலுக்கு வந்துடுச்சு. மாடி வீட்டுக்காரங்க மட்டும் கதவத் தொறக்கலன்னா என்ன ஆயிருப்போமோ. அதுவரைக்கும் அவங்களுக்கும் எங்களுக்கும் பைக் நிறுத்துற சண்டைல பேச்சுவார்த்தையே இல்ல, அன்னிக்கு ராத்திரி அவங்க வீட்டு ரவா உப்புமாதான் எல்லாருக்கும்.

ஏன் அப்படின்னா, தெற்குப் பக்கத்து ஏரிங்க நெறைஞ்சு வழியற தண்ணி பூரா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவுங்கற ஓடை வழியா பக்கிங்ஹாம் கால்வாய்ல விழுந்துதான் கடலுக்குப் போகணும். அந்த சதுப்புதான் கட்டடம் கட்டிக் கட்டி சுருங்கிப்போச்சே, 2022-ல ராம்சார் பட்டியல்ல, அதான் உலக அளவுல முக்கியமான ஈர நிலங்களோட பட்டியல்ல, சேத்து கௌரவம் எல்லாம் பண்ணாங்க, இருந்தாலும் போன இடம் போனதுதான். தண்ணி என்ன பண்ணும், அது பழைய வீட்டத் தேடி வருது, நடுவுல நாம சோபா போட்டு வெச்சிருக்கோம். இப்பல்லாம் மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்து மேல வரிசையா காரைக் கொண்டு போய் நிறுத்திடறாங்க. மத்தபடி ரயில், மால், ஆஸ்பத்திரி, பாதி ராத்திரில பிரியாணி, எதுக்குமே வேளச்சேரில குறை இல்ல. மேடான தெருவா, மாடி வீடா கெடைச்சா தாராளமா எடுக்கலாம்.

மாமியார் ஏன் மாம்பலம் கேக்கறாங்கன்னு எனக்கு நல்லாவே புரியுது. அயோத்தியா மண்டபத்துல பஜனை, உபன்யாசம்னு தெனமும் ஏதாவது ஒண்ணு நடக்கும், வாசல்லயே கீரை, பூ, காபித்தூள் கடை, மத்தியானம் நாலு மணிக்குத் திண்ணை இல்லாட்டியும் திண்ணைப் பேச்சு. அந்தக் கொசுவ மட்டும் சும்மா நினைச்சுடாதீங்க, மாம்பலத்துக் கொசு ஊரறிஞ்ச கொசு. காரு வேற வெச்சிருந்தீங்கன்னா அத எங்க நிறுத்துறதுன்னே ஒரு தனிக் கவலை. இன்னொண்ணு, அங்கேருந்து சோழிங்கநல்லூர் தெனமும் போய் வந்தா உங்க வீட்டுக்காரர வீட்ல பாக்கறது ஞாயித்துக்கிழமை மட்டுந்தான்.

அதனால என் ஓட்டு மேடவாக்கம். ஆபீஸுக்கு ஒரே ரோடு, 2022-ல நீளமா ஒரு மேம்பாலம் வேற வந்து சிக்னல்ல நிக்கிற அவஸ்தை கொஞ்சம் கொறஞ்சிருக்கு. ஆனா ஒண்ணு, அங்கயும் ஏரியா பேர நம்பாதீங்க, தெருவ நம்புங்க. அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி அந்தத் தெரு முக்குல இஸ்திரி போடறவர்ட்ட ரெண்டு சட்டை குடுத்துட்டு "போன மழைல எப்படிண்ணே"ன்னு கேளுங்க, புரோக்கர் வாயத் தொறக்காத விஷயம் பூரா அவரு சொல்லிடுவாரு. காம்பவுண்டு சுவத்துல பழுப்பா ஒரு கோடு ஓடுதான்னு பாருங்க. ஈ.பி. மீட்டர ஆள் உயரத்துக்கு ஏத்தி மாட்டிருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். வாசல் ரோட்டுக்குக் கீழ இருக்கான்னும் பாத்துக்குங்க, பழசச் சுரண்டாம ரோட்டு மேல ரோடு போட்டுப் போட்டு எத்தனையோ வீடு பள்ளத்துல போயிடுச்சு.

அப்புறம் பாத்ரூம் குழாய்ல வெள்ளையாப் படிஞ்சிருந்தா அது உப்புத் தண்ணி. போரா, மெட்ரோ வாட்டரா, லாரியான்னு கேட்டு, லாரின்னா அந்தக் காசு மெயின்டனன்ஸ்ல சேத்தியா தனியான்னும் கேட்டுடுங்க, ஓ.எம்.ஆர். (சோழிங்கநல்லூர் வழியா போற பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் பெரிய பெரிய அபார்ட்மெண்டே லாரிய நம்பித்தான் ஓடுது. மாமியார்ட்ட மாசத்துக்கு ஒரு தடவ மாம்பலம் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிப் பாருங்க.

கேள்வி: பெரம்பூர்ல ஒரு வரன் வந்திருக்கு. எல்லாம் பொருந்தியிருக்கு, ஆனா எங்க வீட்ல "நார்த் மெட்ராஸாச்சே"ன்னு இழுக்கறாங்க. — கும்பகோணம் வாசகி

நான் பொறந்து வளந்ததே பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ்லதாங்க. எங்க அப்பா ஐ.சி.எஃப்.ல வேலை, 1955-ல ஆரம்பிச்ச ரயில் பொட்டி ஃபாக்டரி அது, நாட்டுல எந்த ரயில்ல ஏறுனாலும் பொட்டிய தட்டிப் பாத்து "இது நம்ம ஊரு"ம்பாரு. பக்கத்து வீட்ல ஆங்கிலோ இந்தியன் குடும்பம், கிறிஸ்துமஸ் கேக் அங்கேருந்து வரும், எங்க வீட்டு அதிரசம் அங்க போகும். லூர்து மாதா கோயில் திருவிழாவுக்குப் போகாத ஆளு எங்க தெருவுல எந்த மதத்துலயும் கெடையாது. வியாசர்பாடிப் பசங்க கால்ல பந்து பட்டா நின்னு பாத்துட்டுத்தான் போவோம்.

"நார்த் மெட்ராஸாச்சே"ன்னு இழுக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லுங்க, இந்த ஊரே வடக்கதான் பொறந்துச்சு. கோட்டை அங்க, ஹார்பர் அங்க, 1856-ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கெளம்புன ராயபுரம் ஸ்டேஷன் அங்க. தி.நகர் எல்லாம் 1920-கள்லதான் ஏரியத் தூத்து உண்டாக்குனது, அந்த ஏரி போயும் லேக் வியூ ரோடுன்னு பேரு மட்டும் மாம்பலத்துல நின்னுபோச்சு. கல்யாணப் புடவைக்கு தி.நகர் கூட்டத்துல நசுங்கவும் வேணாம், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு இருக்கு. காசிமேட்டுல ஞாயித்துக்கிழமை விடியக்காலைல மீன் வாங்கிப் பழகிட்டீங்கன்னா அப்புறம் ஐஸ் பொட்டி மீன் வாய்க்குள்ள போகாது (நீங்க சைவமா இருந்தா இந்த வரிய விட்டுடுங்க). பீச் ஸ்டேஷன் பக்கத்துல பர்மா அத்தோ (ஒரு வகை நூடுல்ஸ்) கெடைக்கும், அதுக்கு மட்டும் நான் இன்னிக்கும் ரயில் ஏறிப் போறேன்.

குறையும் சொல்லிடறேன். நல்ல மழைன்னா சுரங்கப்பாதைங்கள்ல தண்ணி கட்டிக்கும், ஊரச் சுத்திக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். காத்து திரும்புனா கொடுங்கையூர் குப்பைமேட்டு வாடை வரும். மெட்ரோ ரயில் வேலைக்காகத் தோண்டிப் போட்டிருக்கறதுல ரோடு எங்கன்னு நாமதான் கண்டுபிடிக்கணும். இதுல எதுக்கும் மாப்பிள்ளை பொறுப்பில்ல. அவரு எப்படின்னு அந்தத் தெரு டீக்கடைல விசாரிங்க, ஏரியாவப் பத்தி விசாரிச்சது போதும்.

கேள்வி: அண்ணா நகர் டவர் மேல இப்ப ஏற விடறாங்களா? — சேலம் வாசகர்

விடறாங்க. ரொம்ப வருஷம் மூடி வெச்சிருந்து 2023-ல தொறந்தாங்க. 1968 உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டுனது, 135 அடி. நடந்து ஏறறது சுலபம்னு மட்டும் நினைச்சுடாதீங்க, எனக்கு முட்டி வலி ரெண்டு நாள் இருந்துச்சு.

கேள்வி: பேச்சிலர்னாலே வீடு இல்லங்கறாங்க சார். திருவல்லிக்கேணி மேன்ஷன் எப்படி? — திண்டுக்கல் தம்பி

ரூம்ல ஒரு கட்டில், ஒரு ஜன்னல், கொஞ்சம் மூட்டைப்பூச்சி, அவ்வளவுதான் தம்பி. ஆனா கதவத் தொறந்து பத்து நிமிஷம் நடந்தா மெரினா. மெஸ்ஸு மெஸ்ஸா மாத்தி மாத்தி சாப்பிடலாம், பார்த்தசாரதி கோயில் புளியோதரையும் உண்டு, நோன்பு மாசத்துல வாலாஜா மசூதிப் பக்கம் கஞ்சியும் உண்டு. சேப்பாக்கத்துல மேட்ச் இருந்தா ஸ்கோர் பாக்கவே வேணாம், கத்தறதுலயே விக்கெட்டா சிக்ஸரான்னு தெரிஞ்சிடும். கல்யாணம் ஆகற வரைக்கும் இரு, அதுக்கு மேல ஒரு நாள் கூட இருக்காத.

கேள்வி: பத்து மாச அட்வான்ஸ் கேக்கறாங்க. சட்டத்துல இடம் இருக்கா? — குரோம்பேட்டை வாசகர்

2017-ல போட்டு 2019-ல நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்துல மூணு மாச வாடகைன்னுதான் இருக்கு, ஒப்பந்தத்துல ரெண்டு பேரும் வேற மாதிரி எழுதிக்கிட்டா ஒழிய. அந்த "ஒழிய"வுல பூந்துதான் பத்து மாசம் கேக்கறாங்க. பேசிக் கொறைக்கப் பாருங்க, என்ன ஆனாலும் அக்ரிமெண்டு இல்லாம பணத்தக் குடுக்காதீங்க. குடி போற அன்னிக்கே ஒவ்வொரு சுவத்தையும் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிடுங்க. என் கடைசி ஓனர் காலி பண்றப்ப சுவத்துல ஆணி எண்ணி அட்வான்ஸ்ல பிடிச்சாரு, மொத்தம் ஆறு ஆணி. காலண்டருக்குன்னு நான் அடிச்சது ஒண்ணே ஒண்ணுதான்.