எல்லா போன் நம்பரும் ஏன் 2147483647 ஆச்சு?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: கடை கஸ்டமருங்க லிஸ்ட்டை மைஎஸ்க்யூஎல்ல (டேட்டாவை டேபிளா சேமிச்சு வைக்கற சாஃப்ட்வேர்) ஏத்தினேன், மொபைல் நம்பர் வர்ற இடத்துல எல்லாருக்கும் 2147483647னே நிக்குது, ஹேக் பண்ணிட்டாங்களா, பழைய நம்பர் திரும்ப கிடைக்குமா?

ஹேக் எல்லாம் இல்லீங்க, பயப்படாதீங்க. அந்த இடத்துக்கு இன்ட்னு டைப் குடுத்திருப்பீங்க, அது முழு எண்ணை வைக்கறதுக்கான டைப். இன்ட்னா 32 பிட், பிட்னா 0 இல்லன்னா 1 மட்டும் வைக்கற ஒரு சின்ன இடம், அதுல ஒண்ணு பிளஸ்ஸா மைனஸ்ஸானு சொல்ல போயிடும், மிச்சம் 31. வரிசையா 31 சுவிட்ச்னு வச்சுக்கங்க, முதல் சுவிட்சோட மதிப்பு 1, அடுத்தது 2, அப்புறம் 4, 8னு டபுள் ஆகிட்டே போகுது, மொத்தத்தையும் ஆன் பண்ணி கூட்டினா வர்றது தான் இருநூத்தி பதினாலு கோடியே எழுபத்தி நாலு லட்சத்து எண்பத்தி மூணாயிரத்தி அறுநூத்தி நாப்பத்தி ஏழு. அதுக்கு மேல அங்க இடமே கிடையாது, அதைவிட பெரிய நம்பர் வந்தா அதுக்கு பதிலா இந்த உச்ச எண்ணே பதிவாகிடுது. நம்ம ஊர் மொபைல் நம்பர் எல்லாம் 6, 7, 8, 9ல தானே ஆரம்பிக்குது, பத்து இலக்கம் வேற, அதனால ஒண்ணு விடாம எல்லாமே இந்த எல்லையை தாண்டிடும், அதான் ஒருத்தர் கூட தப்பிக்கல.

இந்த நம்பர் எனக்கு ரொம்ப பிடிச்ச ஒண்ணு, ஏன்னா இது பகா எண், அதாவது 1ஐயும் தன்னையும் தவிர வேற எதாலயும் மீதி இல்லாம வகுக்க முடியாத எண். 3ஆல வகுத்து பாருங்க மீதி 1, 7ஆல வகுத்தா மீதி 1, 11, 31 எதுல போட்டாலும் மீதி 1 தான். காரணம், ஒண்ணு குறைச்சு 2147483646 எடுத்தா அது 2×3×3×7×11×31×151×331னு தூள் தூளா உடையுது. ஒண்ணு கூட்டினா வெறும் 2 மட்டும் 31 தடவை பெருக்கினது. இந்த ரெண்டுக்கும் நடுவுல இது மட்டும் உடையாம நிக்குது! 31 பகா எண்ங்கறதால மட்டும் இப்படி ஆகிடல, 11ம் பகா எண் தான், ஆனா 2ஐ 11 தடவை பெருக்கி ஒண்ணு கழிச்சா வர்ற 2047, 23×89ஆ உடைஞ்சிடுது. 1772ல கணித மேதை ஆய்லர் தான் இது பகா எண்னு உறுதி பண்ணார், கண்பார்வை கிட்டத்தட்ட போயிட்ட வயசுல. வகுக்கற எண் ஏதாவது இருந்தா அதை 248ஆல வகுக்கும்போது மீதி 1 இல்லன்னா 63 தான் வரணும்னு கண்டுபிடிச்சதால, 46340 வரைக்கும் எல்லாத்தையும் பார்க்காம 370 சொச்சம் எண்ணோட வேலை முடிஞ்சுது.

சரி, உங்க விஷயம். டேபிள்ல இருந்து பழைய நம்பரை எடுக்க முடியாது, அது பதிவாகவே இல்ல. எக்செல் ஃபைலோ பில் புக்கோ இருந்தா அதுல இருந்து தான் திரும்ப ஏத்தணும். அதுக்கு முன்னாடி டைப்பை வார்கேர் 20னு மாத்திடுங்க, அது 20 எழுத்து வரைக்கும் குடுத்ததை அப்படியே எழுத்தா வைக்கற டைப். இன்ட்டை விட பெரிய எண் டைப்பான பிக்இன்ட் போட்டாலும் நம்பர் அடங்கும், ஆனா முன்னாடி வர்ற பூஜ்யமும் +91ல இருக்கற பிளஸ்ஸும் போயிடும், போன் நம்பரை நாம கூட்டவா கழிக்கவா போறோம்? அப்படியே மைஎஸ்க்யூஎல்ல ஸ்ட்ரிக்ட் மோடு (அடங்காத மதிப்பு வந்தா ஏத்தாம எரர் காட்டற செட்டிங்) ஆன் பண்ணிடுங்க, அது ஆஃப்ல இருந்ததால தான் எரர் காட்டாம சத்தமில்லாம வெட்டிடுச்சு. முதல்ல உங்க சொந்த நம்பர் ஒண்ணை மட்டும் ஏத்தி, பத்து இலக்கமும் சரியா வருதானு பார்த்துட்டு மிச்சத்தை ஏத்துங்க.