வென்டிலேட்டரை எப்போது கழற்றலாம்?

கேள்வி: குறைமாதத்தில் பிறந்த என் மகனுக்கு ஒன்றரை வயது. தொண்டையில் குழாய் வைத்து வீட்டிலேயே வென்டிலேட்டர் ஓடுகிறது. நன்றாகத்தான் விளையாடுகிறான், கழற்றிவிடலாமா டாக்டர்?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: நீங்களாகக் கழற்ற வேண்டாம்மா. மாதக்கணக்கில் மெஷின் உதவியோடு மூச்சு விட்ட பிள்ளைக்கு மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருப்பது) பலவீனமாக இருக்கலாம், அதனால் பகலில் அவன் விழித்து விளையாடும் நேரத்தில் கொஞ்ச நேரம் எடுத்துப் பார்த்து, அதைத் தாங்கினால் மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். இரவுதான் கடைசி. தூக்கத்தில் மூச்சின் ஆழம் குறையும், ஆக்ஸிஜன் அளவு சரியாகத் தெரிந்தாலும் உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு தேங்கலாம். நான் முக்கியமாகப் பார்ப்பது எடையைத்தான், ஏனென்றால் மூச்சு விடுவதற்கே சக்தி போனால் பிள்ளை எடை ஏறாது. சளி பிடித்தால் பழையபடி முழுநேரமும் மாட்ட வேண்டிவரலாம், அது தோல்வியே இல்லை. விலாவுக்கு இடையே குழி விழுந்தாலோ வியர்த்தாலோ உடனே மாட்டிவிடுங்கள். இந்த வயதில் நுரையீரல் இன்னும் வளர்கிறது, நம்பிக்கையோடு இருங்கள். தொண்டைக் குழாயை எடுப்பது இதற்கெல்லாம் பிறகுதான். அப்புறம், கரண்ட் போனால் பயன்படுத்த ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மதுரையில் உங்கள் டாக்டரைப் பார்க்கப் போகும்போது எடைக் குறிப்பையும் எடுத்துப் போங்கள்.