இரண்டு எழுத்து, ஒரே வாசகர் வட்டம்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவினர் பத்துப் பேர் மாதம் ஒருமுறை கூடி, ஒரு நூலைப் படித்துப் பேசுகிறோம். எல்லோரும் தமிழ் பேசினாலும், பாதிப் பேருக்கு மலையாளம் மட்டுமே வாசிக்க வரும். எந்த நூலை எடுப்பது என்ற வாக்குவாதத்திலேயே பொழுது போய்விடுகிறது. என்ன செய்யலாம்? - வாசகி, பாலக்காடு மாவட்டம்

பதில்: இரு மொழிகளிலும் கிடைக்கும் நூலிலிருந்து தொடங்குங்கள். மலையாள எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை 1956இல் வெளியிட்ட 'செம்மீன்' நாவலைச் சுந்தர ராமசாமி தமிழாக்கியிருக்கிறார். அவரவர் அறிந்த எழுத்தில் படித்து வந்து, கடற்கரை மக்களின் பேச்சு தமிழில் எப்படி ஒலிக்கிறது என்று ஒரே பத்தியை இருவர் மாறி மாறி வாசித்தால், அன்றைய மாலைக்கு அதுவே போதும். அடுத்து, மலையாள வழியில் பயின்று தமிழில் எழுதிய தோப்பில் முகம்மது மீரானை எடுத்துக்கொள்ளலாம். அவருடைய உரையாடல்களை உரக்க வாசித்தால், தமிழ் எழுத்து அறியாதவர்களுக்கும் பெரும்பகுதி காதிலேயே பிடிபட்டுவிடும்.

தேர்வுக்கு வாக்கெடுப்பு வேண்டாம். தோற்றவர் படிக்காமலே வருவார். முறை வைத்து மாதம் ஒருவர் தேர்ந்தெடுக்கட்டும், ஆனால் தாம் முழுதும் படித்த நூலை மட்டுமே முன்மொழியட்டும். இருநூறு பக்கத்தைத் தாண்டினால் இரண்டு மாதம் கொடுங்கள். பத்துப் பிரதிகளை விலைக்கு வாங்குமுன் அருகிலுள்ள கிரந்தசாலையில் (நூலகத்தில்) கேட்டுப் பாருங்கள். தேநீரும் வடையும் பேச்சு முடிந்த பிறகே வரட்டும். இது என் சொந்த அனுபவம்.